அளந்தவர்களும் படியளந்தவர்களும்

மதுவிலக்கால் குடும்பங்கள் தழைத்தனவா, நலிந்தனவா? அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் ஓயாமல் நடந்த வழக்கு இது. பதில் தேட ஊர் ஊராகப் போக வேண்டும், கணக்குப் புத்தகங்களைப் புரட்ட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் யாருடையது என்று பார்க்காமல் அந்த ஆய்வுகளைப் படிப்பது அரைகுறைப் படிப்புதான்.

1893-இல் நியூயார்க்கில் ‘ஐம்பதின்மர் குழு’ கூடியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட், கொலம்பியாவின் சேத் லோ போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அரசை எதிர்பார்க்காமல் தனியார் ஆதரவிலேயே வேலை நடந்தது. ஃபிரெடெரிக் வைன்ஸும் ஜான் கோரனும் மதுவிலக்கு இருந்த மெய்ன், அயோவா மாநிலங்களை ஆராய்ந்து 1897-இல் நூலாக்கினார்கள். சாராயத் தொழில் சுருங்கியதை ஒப்புக்கொண்ட அதே நூல், அதிகாரிகளிடம் பெருகிய லஞ்சத்தையும் சொன்னது.

இக்குழுவின் ஆகச் சிறந்த வேலை 1901-இல் ரேமண்ட் கால்கின்ஸ் எழுதிய நூல். தொழிலாளி மதுக்கடைக்கு ஏன் போகிறான் என்று அது கேட்டது. ஐந்து சென்ட் பீருக்கு இலவசச் சாப்பாடு, குளிருக்கு அடுப்பு, சம்பளக் காசோலையை மாற்றித் தர ஆள், சங்கக் கூட்டத்துக்கு ஓர் அறை. கடையை மூடினால் இவற்றுக்கு அவன் எங்கே போவான்? குடிப்பவனைக் குற்றவாளியாக அல்ல, மனிதனாகப் பார்த்த கேள்வி அது.

1920-இல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதை ஒழிக்கப் புறப்பட்ட சங்கத்துக்கு டூபாண்ட் குடும்பத்துச் செல்வந்தர்கள் வாரி வழங்கினார்கள். மதுவரி திரும்பினால் வருமான வரி குறையும் என்பது அவர்கள் கணக்கு. கிளார்க் வார்பர்ட்டனின் பொருளாதார ஆய்வு அந்தச் சங்கம் கேட்டுத்தான் தொடங்கியது. 1932-இல் வெளிவந்தபோதோ, தொழிலாளர்களின் குடி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிட்டது, வசதியுள்ளவர்கள் முன்போலவே குடிக்கிறார்கள் என்று அது எழுதியது. படியளந்தவர்கள் விரும்பியிருக்கக்கூடிய பதில் அல்ல. நேர்மையான ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அரசுப் பணத்தில் நடந்த விக்கர்ஷாம் குழுவின் கதை வேறு. 1931 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை, சட்டம் அமலாகாத அவலத்தைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, ரத்து வேண்டாம் என்று முடித்தது. உறுப்பினர்கள் தனித்தனியாக இணைத்த குறிப்புகளிலோ பலர் மாற்றம் கேட்டார்கள்.

ராக்ஃபெல்லர் குடும்பம் இரு பக்கமும் நின்றது. மதுக்கடை எதிர்ப்புக் கழகத்துக்கு அப்பாவும் மகனும் கொடுத்தது 3,50,000 டாலர். மதுவைத் தொடாத அந்த மகனே, சட்டம் பரவலாக மீறப்படுவதைக் கண்டு, 1932 ஜூனில் ரத்துக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். அடுத்து என்ன செய்வது என்று ஆராயவும் அவரே செலவழித்தார். ரேமண்ட் ஃபாஸ்டிக், ஆல்பர்ட் ஸ்காட் இருவரும் 1933-இல் தந்த அறிக்கை, லாப ஆசை விற்பனையைத் தூண்டாதபடி மாநில அரசே கடை நடத்த வேண்டும் என்றது. அதே ஆண்டு பென்சில்வேனியா அரசு மதுக்கடைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.