காட்பாடிக்கு வந்த ஐஸ் பெட்டி

எங்க மதகடிப்பட்டுப் பக்கம் பெரிய வியாதின்னா முதல்ல ஜிப்மர். அங்கேயும் சரிப்படலைன்னா வேலூர் சி.எம்.சி. அந்த வேலூரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டு வருடங்கள் கண்ணில் பட்டன: 1986, 2024. இரண்டு கதையிலும் வருவது ஒரே வைரஸ்.

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்திருந்தார். சென்னையில் பரிசோதிக்க வசதியில்லை. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார்கள். சி.எம்.சி. ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் இந்த வைரஸிடம் மாட்டிக்கொண்டவர்களில் ஹீமோபிலியா நோயாளிகளும் உண்டு. ஹீமோபிலியா ஏ என்றால், ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் உடம்பில் போதுமான அளவு உருவாகாது. கீழே விழக்கூட வேண்டாம், சும்மா இருக்கும்போதே மூட்டுக்குள் ரத்தம் கசியும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த ஃபேக்டரை ஊசியில் ஏற்றினார்கள். மருந்தோடு எச்.ஐ.வி.யும் போனது. அங்கே ஹீமோபிலியா நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குத் தொற்றியது.

நோய்க்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவின் பிழை. அப்படியானால் சரியான மரபணுவை உள்ளே அனுப்பிவிடலாமே? சொல்வது சுலபம். 1999இல் வேறொரு மரபணு சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது அமெரிக்கப் பையன் இறந்துபோனான். பாரிஸில் சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்கு, மரபணு போய் உட்கார்ந்த இடம் சரியில்லாமல் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஓடுகிற சர்வரில் பேட்ச் போட்டவர்களுக்கு இந்த பயம் புரியும்.

2024 டிசம்பரில், சி.எம்.சி.யின் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு, எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த சோதனையின் முடிவு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவை அவற்றுக்குள் ஏற்றி, திரும்ப அவருக்கே செலுத்தினார்கள். மரபணுவைச் சுமந்துபோன வண்டி லென்டிவைரஸ், அதாவது நோய் உண்டாக்கும் பாகங்களையெல்லாம் கழற்றிவிட்ட எச்.ஐ.வி.

ஐந்து பேர்தான். பழைய மஜ்ஜையைக் காலிசெய்யக் கடும் கீமோதெரபி வேறு. அது லேசுப்பட்ட விஷயமில்லை. ஆனால் ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில், சிகிச்சைக்குப் பின் பதிவான ரத்தக்கசிவு: பூஜ்யம்.