முதலில் தள்ளுபடியா, கூப்பனா? 20 ரூபாயை மாற்றும் 10ஆம் வகுப்பு கணக்கு - எளிய விளக்கம்!

ஆன்லைனில் ஒரு சட்டை 1,000 ரூபாய். அதற்கு 20 சதவீதம் தள்ளுபடி. கையில் 100 ரூபாய் கூப்பனும் இருக்கிறது. ரெண்டையும் பயன்படுத்தினால் கட்ட வேண்டியது 700 ரூபாயா, 720 ரூபாயா?

இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு! எது முதலில் கழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த 'எது முதலில்' என்ற கேள்விதான் அல்ஜீப்ராவில் வரும் 'சார்புகளின் சேர்க்கை'. தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு கணக்கின் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' பகுதியில் இது வருகிறது.

சார்பு என்றால் என்ன?

ஒரு எண்ணை உள்ளே கொடுத்தால், ஒரு விதிப்படி அதை மாற்றி ஒரே ஒரு விடையை வெளியே தருவதுதான் சார்பு. '20 சதவீதம் குறை' என்பது ஒரு சார்பு. '100 ரூபாய் கழி' என்பது இன்னொரு சார்பு. முதல் சார்பில் இருந்து வரும் விடையை அப்படியே இரண்டாவது சார்புக்குள் போட்டால், அது சேர்க்கை. அவ்வளவுதான்.

20 ரூபாய் எங்கே போனது?

* தள்ளுபடி முதலில்: 1,000 → 800 → 700 ரூபாய்
* கூப்பன் முதலில்: 1,000 → 900 → 720 ரூபாய்

கூப்பனை முதலில் கழித்தால், 20 சதவீதத் தள்ளுபடி 1,000 ரூபாய்க்குப் பதில் 900 ரூபாய்க்குத்தான் கிடைக்கும். அந்த 100 ரூபாயில் 20 சதவீதம், அதாவது 20 ரூபாய், நமக்கு நஷ்டம்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி ஆகாது. 10 சதவீதத் தள்ளுபடியும் 18 சதவீத வரியும் என்றால், எதை முதலில் போட்டாலும் 1,000 ரூபாய்க்கு விடை 1,062 ரூபாய்தான். காரணம், இரண்டுமே பெருக்கல். பெருக்கலும் கழித்தலும் கலக்கும்போது வரிசை முக்கியமாகிறது.

மாணவர்கள் தடுமாறுவது எங்கே?

'எஃப் ஓ ஜி' என்று எழுதியிருந்தால், எஃப் முதலில் இருப்பதால் அதையே முதலில் செய்துவிடுவார்கள். உண்மையில் முதலில் வேலை செய்வது ஜி. வலப்பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

உதாரணமாக, எஃப் என்பது '3 கூட்டு', ஜி என்பது 'வர்க்கப்படுத்து' என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போடும் எண் 4.

* எஃப் ஓ ஜி: 4 → 16 → 19
* ஜி ஓ எஃப்: 4 → 7 → 49

இன்னொரு தவறு, நடுவில் இருக்கும் 'ஓ' குறியைப் பெருக்கல் என்று நினைப்பது. இரண்டு விடைகளையும் பெருக்கினால் 7 × 16 = 112 வரும். அது வேறு கணக்கு.

எப்போதும் சேர்க்க முடியுமா?

முடியாது. முதல் சார்பு தரும் விடையை இரண்டாவது சார்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதாவது, அது இரண்டாவது சார்பின் மதிப்பகத்தில் இருக்க வேண்டும். '5 கழித்து, பிறகு வர்க்கமூலம் எடு' என்ற கணக்கில் 2 என்று போட்டால் -3 வரும். அதற்கு மெய்யெண் வர்க்கமூலம் கிடையாது. கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

காய்ச்சல் கணக்கில் இதைப் பார்க்கலாம்!

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்ற, முதலில் 9/5 ஆல் பெருக்கி, பிறகு 32 கூட்ட வேண்டும். 37 டிகிரி செல்சியஸ் 98.6 ஆகிறது. திரும்பி வர வேண்டும் என்றால்? கடைசியில் செய்ததை முதலில் நீக்க வேண்டும். 98.6இல் 32 கழித்தால் 66.6, அதை 5/9 ஆல் பெருக்கினால் 37.

வரிசையை மாற்றி, முதலில் 5/9 ஆல் பெருக்கி, பிறகு 32 கழித்தால் சுமார் 22.8 டிகிரி வரும். நல்லா இருக்கிற ஆளோட உடம்பு ஏசி ரூம் மாதிரி குளிர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும்! சட்டை போட்டு அதன்மேல் கோட்டு போட்டால், கழற்றும்போது கோட்டுதானே முதலில் வர வேண்டும்? அதே லாஜிக்தான்.

அதனால் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எது உள்ளே இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்பதை. அடுத்த முறை கூப்பன் போடும்போதும், பில்லில் எது முதலில் கழிந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துடுங்க!