காட்டோரத் தங்கல்: செஞ்சி, அவலூர்பேட்டை வட்டாரம்

காட்டோரத் தங்கல் என்பது, நகரத்தில் வாழ்வோர் இரண்டு மூன்று நாள் விடுப்பெடுத்து, மரங்களுக்கு நடுவே குடிலில் தங்கி, நடந்து, பறவை பார்த்து, ஓய்வெடுத்துத் திரும்பும் சிறு விடுமுறை. வனத்துறையின் ஓய்வு இல்லங்கள், தனியார் ரிசார்ட்டுகள், பழங்குடி ஊர்களில் நடக்கும் சூழல் சுற்றுலா, ஊராரின் வீட்டிலேயே தங்கும் ஹோம்ஸ்டே எனத் தமிழ்நாட்டில் இதற்குப் பல வடிவங்கள் உண்டு. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின், கோட்டையைச் சூழ்ந்த மலைக்காடுகளையும் அவற்றுக்கு அப்பாலுள்ள மேல்மலையனூர், அவலூர்பேட்டை போன்ற ஊர்களையும் இந்தத் தொழில் எட்டிப்பார்க்கும் காலம் தொலைவில் இல்லை. வரும்போது அதை எந்த நிலத்தில் அமைப்பது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. நிற்கிற காட்டுக்குள் எழும் விடுதி, தான் விற்கும் காட்டையே அரித்துவிடும். காடு அழிந்துபோன நிலத்தில் மரம் வளர்த்து, அதன்பின் அமையும் விடுதி காட்டைக் கூட்டும். இதற்கான சான்றுகள் தமிழ்நாட்டிலேயே, அதிலும் ஒரு பகுதி செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

தோற்றம்

தமிழ்நாட்டில் காட்டுக்குள் தங்குமிடம் என்பது விடுமுறைக்காகத் தோன்றவில்லை. 1856இல் ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து, மலைச்சரிவுகள் காப்புக்காடுகளாக வரையறுக்கப்பட்டன. மரங்களைக் கணக்கிடவும் வெட்டு வேலையை மேற்பார்க்கவும் சுற்றுப்பயணம் வந்த அதிகாரிகளுக்காகவே வன ஓய்வு இல்லங்கள் கட்டப்பட்டன. ஆனைமலையில் டாப்சிலிப் என்ற இடமே வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட தொழிலால் பெயர் பெற்றது. அங்கே வெட்டிய காட்டை மீண்டும் வளர்க்கும் முறைகளைப் புகுத்திய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையும், இன்று விடுமுறைக்கு வருவோர் தங்கும் அம்புலி இல்லமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மரம் வெட்டுவதற்கான முகாம் நாளடைவில் மரம் பார்ப்பதற்கான முகாமாக மாறியது. பழைய கட்டடம், குறைந்த அறைகள், அனுமதி பெற்று வரும் சிலர் என்ற அளவில் நின்றதால் அந்த மாற்றம் காட்டுக்குப் பெரிய சுமையாகவில்லை.

விடுமுறைக்காகவே ஒரு குடில் ஊரைக் கட்டுவது ஐரோப்பியரின் ஏற்பாடு. நெதர்லாந்தில் விளையாட்டுப் பொருள் வணிகரான பீட் டெர்க்சன் 1968இல் ரோய்வர் என்ற ஊருக்கு அருகே மரங்களுக்கு நடுவே குடில்கள் அமைத்துத் தொடங்கிய நிறுவனமே பிற்பாடு ‘சென்டர் பார்க்ஸ்’ ஆயிற்று. 1987இல் அது இங்கிலாந்தின் ஷெர்வுட் வட்டாரத்துக்கும் வந்தது. அங்கே அதற்குக் கிடைத்தது தொன்மையான காடு அன்று. வணிகத்துக்காக நட்டு வளர்த்த ஊசியிலை மரத் தோப்பு. அதே தொழில் பிரான்சின் ரோய்போன் என்ற ஊரில் ஈரநிலத்தோடு கூடிய இயற்கைக் காட்டுக்குள் நுழைய முயன்றபோது, பல ஆண்டு எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2020இல் திட்டம் கைவிடப்பட்டது. தொழில் ஒன்றாக இருக்க, நிலத்தின் தன்மையே முடிவை மாற்றியது.

வட்டாரத்தின் இயல்பு

செஞ்சி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போன்ற நீண்ட தொடர் அல்ல. பாறைமேல் பாறை அடுக்கிவைத்த தனித்தனிக் குன்றுகள் சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் மதிலால் இணைத்ததே கோட்டை. அதன் அண்டையிலுள்ள பக்கமலைக் காப்புக்காடு இந்தப் பகுதியின் குறிப்பிடத்தக்க காட்டுத்துண்டு. முள்புதரும் இலையுதிர் மரங்களும், பள்ளத்தாக்குகளில் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்களும் கலந்தது இந்தப் பகுதியின் தாவரம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரிய பொன்னிறப் பாறைப் பல்லி பக்கமலையில் பதிவாகியிருக்கிறது. சுற்றிலும் ஏரிப் பாசனக் கழனிகள், மல்லாட்டைக் கொல்லைகள், ஆடு மாடு மேய்க்கும் ஊர்கள். வாரச் சந்தைக்கும் சித்தகிரி முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்துக்கும் பெயர் பெற்ற அவலூர்பேட்டை, செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே, இந்த வேளாண் சமவெளியில் இருக்கிறது.

இந்த நிலவமைப்பிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, இங்கே காடு என்பது சிறு சிறு தீவுகள். பரந்த காட்டின் ஓரத்தில் பத்துக் குடில் கட்டினால் ஓரம் மட்டும் கெடும். சிறு தீவின் ஓரத்தில் கட்டினால், ஓரத்துக்கும் நடுவுக்கும் தொலைவு குறைவாதலால், விளக்கொளியும் இரைச்சலும் குப்பையும் நடுக்காடு வரை எட்டும். இரண்டாவது, இது தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள நிலம். மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் குன்றடிச் சுனைகளையும் குட்டைகளையும் நம்பித்தான் விலங்குகள் பிழைக்கின்றன. அடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீச்சல் குளம் நிரப்பும் விடுதி, கழனிக்கும் காட்டுக்கும் ஒரே நேரத்தில் போட்டியாகும். கோட்டையை ஒட்டிக் கட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. 2010இன் தொல்சின்னச் சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கல்லுக்குக் கிடைத்த இந்த வேலி காப்புக்காட்டின் வெளி எல்லைக்கு இல்லை. ஆகவே கோட்டையிலிருந்து தள்ளப்படும் விடுதிகள் காட்டோரப் பட்டா நிலங்களைத் தேடிப் போகக்கூடும் என்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

சீகூரும் பரளிக்காடும்

பட்டா நிலத்தில்தானே கட்டுகிறோம், காட்டில் இல்லையே என்ற வாதம் நீலகிரியின் சீகூர்ப் பீடபூமியில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. முதுமலையை ஒட்டிய மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்ப்பக்கங்களில் எழுந்த ரிசார்ட்டுகளில் பல தனியார் நிலத்தில் இருந்தவையே. ஆனால் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் இடையே யானைகள் நடக்கும் ஒடுங்கிய வழியில் அவை நின்றன. மின்வேலியும் மதிலும் வழியை மறித்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யானை வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதியற்ற விடுதிகளுக்குச் சீல் வைக்க ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வழித்தடம் செல்லும் என்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. கட்டியதை அகற்றவோ மூடவோ இத்தனை ஆண்டு வழக்கு வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் வீடு ஒன்றின் அருகே வந்த யானைமீது தீப்பற்ற வைத்த பொருளை எறிந்த செயல் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த யானை இறந்தது. காட்டைப் பார்க்க ஆள் வந்து தங்கும் இடத்துக்குக் காட்டு விலங்கு வந்தால் அது விருந்தினரின் பாதுகாப்புக்கு ஆபத்தாகிவிடுகிறது. தொழிலின் அடிப்படையிலேயே இருக்கும் இந்த முரணை ஒழுங்கான மேலாண்மை குறைக்கலாம், நீக்க முடியாது.

கோவை மாவட்டத்தில் காரமடை வனச்சரகத்தின் பரளிக்காடு இன்னொரு வழியைக் காட்டுகிறது. வனத்துறையும் பில்லூர் அணை ஓரத்துப் பழங்குடி ஊராரும் சேர்ந்து நடத்தும் இந்தச் சூழல் சுற்றுலாவில், வார இறுதியில் முன்பதிவு செய்தவர்கள் காலையில் வருகிறார்கள். ஊரார் பரிசல் ஓட்டுகிறார்கள். பெண்கள் சமைத்த களியும் குழம்பும் கொண்ட பகலுணவு கிடைக்கிறது. பிற்பகலில் அத்திக்கடவு ஆற்றில் குளியல். பொழுது சாய்வதற்குள் வந்தவர்கள் திரும்பிவிட வேண்டும். வருமானம் ஊருக்குச் சேர்கிறது. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பும், இரவு காட்டுக்கே என்ற விதியும் இதன் இரு தூண்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேற்றம் போன பலரைப் பலிகொண்ட பின் தமிழ்நாடு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டமும் உள்ளூர் வழிகாட்டிகளையும் முன்பதிவையும் பகல் நடையையும் சார்ந்தே அமைந்திருக்கிறது. தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. காட்டைக் காண்பதற்குக் காட்டில் உறங்க வேண்டியதில்லை என்பதை இவ்விரண்டும் நடைமுறையில் நிறுவியிருக்கின்றன.

வளர்த்த காடு: வானூர் எடுத்துக்காட்டு

மரநிழலில் இரவு தங்க வேண்டும் என்ற விருப்பத்துக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. டெர்க்சன் நெதர்லாந்தில் குடில் கட்டிய அதே 1968இல், பிப்ரவரி 28 அன்று, வானூர் வட்டாரத்தின் செம்மண் மேட்டில் ஆரோவில் என்ற குடியிருப்பு தொடங்கியது. மரமற்றுக் கிடந்த மேடு அது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடைகளாக அரித்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே குடியேறியவர்கள் வரப்பு போட்டு, தடுப்பணை கட்டி, முதலில் வெயிலைத் தாங்கும் மரங்களையும் பிறகு வீரை, காசான் போன்ற உலர் பசுமைமாறாக் காட்டு இனங்களையும் நட்டு வளர்த்தார்கள். 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இம்மரங்களுக்கு நாற்றுப்பண்ணையாகவும் கல்விக்களமாகவும் ஆயிற்று. 2003இல் ஏறத்தாழ 70 ஏக்கரில் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட், வந்து தங்குவோரையே மண்வேலைக்கும் மரம் நடுவதற்கும் சேர்த்துக்கொண்டது. அங்கே தங்குவதற்குக் குடிலும் உணவும் உண்டு. காலை நேர உழைப்பும் உண்டு. இன்று ஆரோவிலின் விருந்தினர் இல்லங்கள் பல இப்படி வளர்ந்த மரங்களின் நிழலில் நடக்கின்றன. இங்கே விடுதியால் அழிந்த காடு இல்லை; வந்து தங்கியவர்களால் வளர்ந்த காடு உண்டு. செஞ்சிக் குன்றுகளில் எஞ்சியிருப்பதும் இதே உலர் பசுமைமாறாக் காட்டு வகையின் துண்டுகளே என்பதால், மரவகையில் இந்த அனுபவம் அவலூர்பேட்டைப் பக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

மறுப்புகள்

நட்டு வளர்த்த தோப்பு காடாகாது, வருகிறவர்கள் அசல் காட்டைத்தான் கேட்பார்கள் என்பது முதல் மறுப்பு. அசல் காடு பக்கமலையில் இருக்கிறது. பகலில் வழிகாட்டியோடு நடந்து பார்க்கலாம். விடுதியில் ஒருவர் உண்மையில் செலவழிப்பது உறக்கம், உணவு, பேச்சு, நிழல் ஆகியவற்றின் நேரம். அதற்கு நட்டு வளர்த்த மரங்கள் போதும் என்பதை வானூர்ப் பக்கம் வந்து தங்குவோர் கூட்டமே காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: வளர்த்த காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆரோவிலிலேயே சாலைக்காக மரம் வெட்டப்பட்டதை எதிர்த்த வழக்கில், பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் விதித்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. அந்த இடம் சட்டம் கூறும் காடு என்ற வரையறைக்குள் வரவில்லை. வளர்த்தவர்களே ஒருநாள் வெட்டவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இதனால் காப்புக்காட்டோரத்தில் விடுதி கட்டுவது சரியாகிவிடாது. 2023இன் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், வனச் செயல்திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகளைக் காட்டுநிலத்தில் அமைக்க முன்னைவிட எளிதாக இடமளிக்கிறது. சட்டக் காட்டுக்கும் முழு வேலி இல்லை என்பதே அதன் பொருள். வளர்த்த காட்டின் பாதுகாப்பு அதனால் பிழைப்போரின் நலனில்தான் நிற்க முடியும். மரங்களின் நிழலுக்காகவே விருந்தினர் வருகிறார்கள் எனில், மரத்தை வெட்டுவது விடுதிக்காரரின் சொந்த முதலை வெட்டுவதாகும். காட்டோர ரிசார்ட்டுக்கு இந்தக் கட்டு இல்லை. அது காட்டும் மரங்கள் அதன் கணக்கில் செலவாக வருவதில்லை.

விவசாயம் நலிந்த வட்டாரத்தில் வேலைவாய்ப்பைத் தடுக்கலாமா என்பது மூன்றாவது. அடிவாரத்தில் வெளியூர் முதலாளி கட்டும் ரிசார்ட்டில் உள்ளூராருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவல், தோட்டம், துப்புரவு வேலைகள். பரளிக்காட்டு முறையில் சமையலும் பரிசலும் வழிகாட்டலும் ஊராரின் தொழில். வீட்டோடு தங்கும் முறையில் அறை வாடகையும் அவர்களுடையதே. காடு வளர்ப்பில் குழி வெட்டு, நாற்று, தண்ணீர், காவல் என ஆண்டு முழுவதும் கூலி உண்டு. வேலைவாய்ப்பை முன்வைக்கும் வாதம் இடத்தை மாற்றும் யோசனைக்கு எதிராக நிற்காமல் அதற்குத் துணையாகவே வருகிறது. ஆனால் மேய்க்கால் புறம்போக்கை வேலியிட்டு மரம் நட்டால் ஆடு மேய்ப்பவரின் வழி அடைபடும். சந்தையை நம்பிய இந்த ஊர்களில் அது சிறு செய்தி அல்ல. பொதுநிலத்தை விட்டுவிட்டு, பயிரிடாமல் கிடக்கும் தனியார் கொல்லைகளையும் தைலமரத் தோப்புகளையும் தேர்ந்துகொள்வதே முறை.

பொருந்தும் ஏற்பாடு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து செஞ்சி, அவலூர்பேட்டை வட்டாரத்துக்கு ஓர் ஏற்பாடு உருவாகிறது. பக்கமலை போன்ற காப்புக்காடுகளில் உள்ளூர் வழிகாட்டியோடு, எண்ணிக்கை வரம்போடு, பகல் நடை மட்டும். பிப்ரவரியின் நடுவில் தொடங்கும் தீப்பருவத்தில் அதுவும் நிறுத்தம். இரவுத் தங்கல் செஞ்சி, அவலூர்பேட்டை ஊர்களிலும் ஏரியை அடுத்த கிராமங்களின் வீடுகளிலும். தனிக் குடில் ஊர் வேண்டுவோர் காப்புக்காட்டிலிருந்து விலகிய வறண்ட நிலத்தில் முதலில் மரம் வளர்க்க வேண்டும். குடிலுக்கான அனுமதி மரம் நிலைத்த பின். கோட்டைக் குரங்குகளுக்குத் தீனி போட்டுப் பழக்கியதன் விளைவைச் செஞ்சிக்கு வருவோர் அன்றாடம் காண்பதால், உணவுக் கழிவை ஊருக்குள்ளேயே கையாளும் பொறுப்பும் விடுதிக்கு உரியது. இந்த வரிசையில் பலன் மெல்லத்தான் வரும். மரம் வளரப் பத்து, பதினைந்து ஆண்டு பிடிக்கும். அதுவரை முதலுக்கு வட்டி ஓடும். அவசரமாகச் சம்பாதிக்க விரும்பும் முதலீடு இதனாலேயே விலகிப்போகும் என்பதை ஒரு குறையாகச் சொல்லலாம். சீகூரில் கட்டப்பட்டுச் சீல் வைக்கப்பட்ட விடுதிகளில் முடங்கிய முதலீட்டையும், பத்தாண்டு நீண்ட வழக்கையும் கணக்கில் சேர்த்தால், காத்திருப்பதுதான் மலிவான வழி.