பம்பாயில் ஓர் அறை

மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’னை நம்மிற் பலர் வேடிக்கைக் கதையாகவே படித்தோம். அவர் 1896-இல் பம்பாய் வந்தார். விடுதியிலே, கதவருகே செய்த சிறு பணி சரியில்லையென்று ஒரு ஜெர்மானியர் இந்தியப் பணியாளரைக் கன்னத்தில் அறைந்தார். அடிபட்டவரோ வாய் திறவாது பணிந்து நின்றார். ட்வெயினுக்கு ஐம்பதாண்டுகட்கு முந்திய மிசௌரி நினைவிற்கு வந்தது. ஆங்கே ஓர் அடிமையை ஒருவன் இரும்புத்தாதுக் கட்டியால் எறிந்து கொன்றதைப் பத்து வயதிற் கண்டவர் அவர். கொல்ல உரிமையுண்டென்றே சிறுவன் அறிந்திருந்தான். ஆயினும் தவறென நெஞ்சம் உறுத்திற்று, காரணந்தான் விளங்கவில்லை. தனிக்குவளையைக் கண்டு வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இத்தடுமாற்றம் இருந்திருக்கும் அன்றோ? 1884-இல் வெளிவந்த கதையில், அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தைக் கிழிக்கும் ஹக், தான் பாவம் செய்வதாகவே நம்புகிறான். அங்கதம் குடியிருப்பது அவ்விடத்தில்தான். 1885-இல் அமெரிக்காவின் கான்கார்டு நூலகம் இந்நூலைக் கொச்சையென்று விலக்கிவிட்டது.