இழப்பும் எழுத்தும்: ஆர். கே. நாராயண் கண்ட வழி

எழுதுவோன் தன் சொந்தத் துயரத்தைப் பிறர் படிக்க எழுதலாமா என்பது புதிய கேள்வி அன்று. இறந்தாரை நினைந்து இரங்கும் பாட்டுக்குக் கையறுநிலை என்று நம் முன்னோர் ஒரு துறையே வகுத்தனர். அத்துறையில் நமக்குக் கிடைத்தவற்றுள் பல, தம்மைப் புரந்த மன்னரை இழந்து புலவர் பாடியவை. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் அரசனோ தன் மனைவியை இழந்து பாடினான். புறநானூற்றில் 245-ஆம் பாட்டாக அது நிற்கிறது. அவள் ஈமத்தீயில் மறைந்த பின்னும் தன் உயிர் உடலில் தங்கியிருப்பதே அவனுக்கு விளங்காப் புதிராயிற்று.

அதே புதிரை இருபதாம் நூற்றாண்டில் ஒரு தமிழர், கன்னட நாட்டில் வாழ்ந்துகொண்டு, ஆங்கில உரைநடையில் எழுதினார். அவரே ராசிபுரம் கிருஷ்ணசாமி நாராயணசாமி. உலகம் அவரை ஆர். கே. நாராயண் என்று அறியும். மால்குடியின் நகைச்சுவையை அறிந்தோர் பலர். அந்நகைச்சுவை ஒரு பெருந்துயரைக் கடந்து வந்தது என்பதையும், கடந்த வழி எது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாராயண் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். புரசைவாக்கத்தில் பாட்டியின் வளர்ப்பில் இளமை கழிந்தது. தந்தையார் மைசூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆனபின் அவரும் அங்குச் சென்று, மகாராஜா கல்லூரியில் பயின்று 1930-இல் பட்டம் பெற்றார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், ஏட்டில் ஆங்கிலம் என்பதே அவர் வாழ்க்கை. தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழருக்கு இந்நிலையை விளக்கவேண்டியதில்லை.

அவருடைய இலக்கிய வாழ்வு தொடங்கிய இடம் பெங்களூர். 1930-ஆம் ஆண்டு செப்டம்பரில், இங்குத் தங்கியிருந்த பாட்டி நல்ல நாள் பார்த்துக் கொடுக்க, அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் நாவலைத் தொடங்கினார். எழுதுவது யாது என்று தோன்றாமல் அமர்ந்திருந்தபோது மால்குடி என்னும் ஊர் தன் ரயில் நிலையத்தோடு மனக்கண்முன் எழுந்தது என்று பின்னாளில் குறித்துள்ளார். அந்நாவல் பதிப்பாளர் பலரால் மறுக்கப்பட்டது. சலித்துப்போய், அதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பரோ அதை நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் சேர்ப்பித்தார். கிரீன் முயற்சியால் 1935-இல் ‘சுவாமி அண்டு பிரெண்ட்ஸ்’ இலண்டனில் வெளிவந்தது.

1933-இல் கோயமுத்தூருக்குத் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தெருக்குழாயில் நீரெடுக்க வந்த ராஜம் என்னும் பெண்ணைக் கண்டு விரும்பினார். பெண்ணின் தந்தையாரிடம் தாமே பேசினார். அக்காலத்தில் அது துணிவான செயல். பின்னர் ஜாதகம் பார்க்கப்பட்டது. நாராயணின் ஜாதகத்தில் ஏழாமிடத்தில் செவ்வாய் இருந்தது. மனைவிக்கு ஆகாது என்பது சோதிடர் கூற்று. தடைகளை மீறித் திருமணம் நடந்தது. ஹேமா என்னும் பெண்மகவும் பிறந்தது. வருவாய் சொற்பம். சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஜஸ்டிஸ்’ இதழுக்கு மைசூர்ச் செய்தியாளராக அவர் அலைந்த நாட்களும் உண்டு. 1937-இல் தந்தையார் காலமானார். 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ராஜம் டைபாய்டு ஜுரத்தால் மறைந்தார்.

இன்றைய இளைஞருக்கு டைபாய்டு என்பது மாத்திரையால் தீரும் நோய். அன்று அவ்வாறில்லை. குளோராம்பெனிகால் என்னும் மருந்து 1948-இல்தான் அந்நோய்க்குப் பயன்படத் தொடங்கியது. அதற்கு முன் மருத்துவர் செய்யக்கூடியது சிறிதே. மூன்று, நான்கு வாரம் ஜுரம் நீடிக்கும். நெற்றியில் ஐஸ் பை, வேளைக்கு நீராகாரம், மணிக்கொருமுறை உடற்சூட்டைப் பார்த்துத் தாளில் குறித்தல் என்று வீட்டாரே விழித்திருந்து காக்கவேண்டும். அத்தாளில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு குடும்பமே வாழ்ந்திருக்கும்.

நகரங்கள் அன்று இத்தகைய நோய்களுக்கு அஞ்சியே விரிந்தன. 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபின், நெரிசல் மிகுந்த கன்டோன்மென்ட் பகுதிக்கு வெளியே காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரேசர் டவுன் அவ்வாறு 1910-இல் தோன்றியது. அதன் அண்டையில் உள்ள காக்ஸ் டவுனும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. பட்டாளத்தோடும் ரயில் பாதையோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இப்பகுதிகளில் தோட்டமும் திண்ணையும் உள்ள ஒரு வீட்டைத் தேடி ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்திருக்கும். நல்ல வீடு என்றால் நோயில்லா வாழ்வு என்பது அத்தலைமுறையின் நம்பிக்கை.

நாராயணின் நான்காம் நாவலான ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ அந்நம்பிக்கையின் இதயத்திலேயே கை வைக்கிறது. கிருஷ்ணன் என்னும் கல்லூரி ஆசிரியன், மனைவி சுசீலாவுடன் லாலி எக்ஸ்டென்ஷனில் ஒரு வீடு பார்க்கச் செல்கிறான். அழகிய வீடு. அங்குள்ள தூய்மையற்ற கழிவறை ஒன்றில் அவள் சிறிது நேரம் அகப்பட்டுக்கொள்கிறாள். அருவருப்போடு திரும்பியவள் படுக்கையில் விழுகிறாள். பின்னர் டைபாய்டு, பின்னர் மரணம். மங்கலமாகத் தொடங்கிய ஒரு காலைப்பொழுதிலிருந்தே அழிவு புறப்படுகிறது.

1938-இல் ‘தி டார்க் ரூம்’ வெளிவந்தது. அடுத்த நாவலாகிய இது வெளிவந்தது 1945-இல். இடைப்பட்ட ஏழாண்டில் அவர் அறவே சும்மா இருக்கவில்லை. சிறுகதைகள் எழுதினார், ‘இந்தியன் தாட்’ என்னும் இதழை 1941-இல் தொடங்கி நடத்திப் பார்த்தார். தாயற்ற குழந்தையைக் கூட்டுக் குடும்பத்தின் துணையோடு வளர்த்தார். நாவல் மட்டும் வரவில்லை. எழுத்தாளன் துயருற்றால் உடனே காவியம் பிறக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் துயரம் முதலில் எழுத்தைத்தான் கொல்கிறது. அது மீண்டும் உயிர்பெறக் காலம் வேண்டியிருக்கிறது.

மீண்டு வந்தபோது அவர் எழுதிய முறை கருதத்தக்கது. ஒப்பாரி இல்லை, அடைமொழிகளின் குவியல் இல்லை. மாதத் தொடக்கத்தில் சுசீலா எழுதும் மளிகைக் கணக்கு, கணவனின் பழைய கடிகாரத்தை அவள் பழைய பேப்பர்காரனிடம் விற்றுவிட்டதால் எழுந்த சண்டை, நோய்ப் படுக்கை, மருந்து வேளை ஆகிய சிறு செய்திகளே உள்ளன. இவற்றுள் எதையும் அவர் பெரிதாக்கவில்லை. மறைந்தவரைப் பற்றிய நினைவில் காலம் முதலில் அழித்துவிடுவது இத்தகைய சிறு செய்திகளைத்தான். அவற்றைப் பிழையின்றிப் பதிந்து வைப்பதே அவர் செய்த நீத்தார் கடன் என்று கொள்ளலாம். 1974-இல் வெளியிட்ட ‘மை டேஸ்’ என்னும் தன் வரலாற்றில், தம் நூல்கள் அனைத்திலும் இதுவே தம் வாழ்க்கைக்கு மிக நெருங்கியது, இதில் கற்பனை மிகக் குறைவு என்று அவரே உரைக்கிறார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்நூலைப் படிக்குந்தோறும் ஓர் எண்ணம் எழுவதுண்டு. அந்த வீட்டின் உரையாடல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் அவற்றின் மௌனங்கள் தமிழ். மாமனார் தம் சோகத்தை அடக்கிக்கொண்டு மருமகனிடம் பேசும் அளவான பேச்சும், குழந்தைக்குச் செய்தியைச் சொல்லாமல் பெரியவர்கள் நடத்தும் நாடகமும் நம் வீடுகளுக்கு உரியவை. இவற்றை மீளத் தமிழில் பெயர்த்தால் சொற்கள் தாமாகவே வீடு திரும்புவதுபோல் வந்து அமர்கின்றன. வேற்று மொழியில் பிழைப்பவனும் துயரப்படுவது தன் வீட்டு மொழியிலேயே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நூலின் பிற்பாதியில், மறைந்த மனைவியோடு ஆவியுலகத் தொடர்பு கொள்ள முயல்கிறான் கிருஷ்ணன். நாராயணும் சென்னையில் ஒரு வழக்கறிஞரின் துணையோடு அவ்வாறு முயன்றவரே. முற்பாதியும் பிற்பாதியும் ஒட்டவில்லை என்று குறை கூறிய திறனாய்வாளர் உண்டு. ஒட்டவில்லை என்பது மெய்யே. அவர் வாழ்வும் அவ்வாண்டில் ஒட்டாத இரு பாதிகளாகத்தானே பிளந்தது? ஆவிகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நாவல் அங்கே கற்பிப்பது மனத்தை அடக்கி அமைதியுறப் பழகும் பயிற்சியையே. மற்றொன்றும் நோக்கத்தக்கது. அந்நாவலில் சிறுவர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் வருகிறார். அவர் இறக்கும் நாளைச் சோதிடன் குறித்துக் கொடுத்திருக்கிறான். அந்த நாள் வருகிறது, அவர் இறக்கவில்லை. ஆசிரியரின் சொந்த வாழ்வில் பலித்த சோதிடம், அவர் படைத்த ஊரில் பொய்த்துப்போகிறது! விதியை அவரால் திருத்த இயலவில்லை; கதையில் அதற்கு ஒரு மறுமொழி கூற இயன்றது. கிருஷ்ணனும் கல்லூரி வேலையைத் துறந்து அக்குழந்தைகளுக்குக் கற்பிக்கச் செல்கிறான்.

1953-இல் அமெரிக்காவில் இந்நாவல் வேறு தலைப்போடு வந்தது. வாழ்வுக்கும் சாவுக்கும் நன்றி கூறுவதாக அத்தலைப்பு அமைந்திருந்தது. அதன் பின்னர் எழுந்த நூல்களில் சிரிப்பு மீண்டது. 1958-இல் வெளிவந்த ‘தி கைடு’ 1960-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்றது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் இன்னோர் இடி காத்திருந்தது. 1994-இல் மகள் ஹேமாவையும் அவர் இழந்தார். அதன்பின் புதிய நாவல் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. 2001-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் சென்னையில் தம் 94-ஆம் வயதில் காலமானார். மைசூர் யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவகமாக விளங்குகிறது.

எழுத்து துயரத்தை ஆற்றிவிடும் என்று கூறுவது மிகையாகும். முதுமையில் வந்த இழப்பை அவராலும் நூலாக்க இயலவில்லை. எழுத்தால் இயன்றது ஒன்று உண்டு. கோயமுத்தூரில் குழாயடிக்கு வந்த ஒரு பெண், 1939-இல் மைசூரில் மறைந்த ஒரு பெண், சுசீலா என்னும் பெயரில் இன்றும் மாதக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, முன்னோரின் கல்லறையும் காவிரிக் கரையும் தொலைவில் உள்ளன. மறைந்தவர்கள் பேசிய பேச்சையும், சமைத்த முறையையும், வாங்கிய கடையையும் பெயரனுக்குப் பிழையின்றிச் சொல்லி வைப்பது, நாவலாசிரியர் அல்லாத நமக்கும் இயல்வதே.