தலையாட்டியும் சாட்சியமும்: விசாரணையாளர்கள் தகவலை எடைபோடுவது எப்படி?

சுற்றிவளைப்புகளைக் கண்ட எம்மவருக்குத் 'தலையாட்டி'யைத் தெரியும். முகம் மூடப்பட்ட ஒருவர் தலையை அசைத்தால் கைது. அவர் யார், எதைக் கண்டார், எதற்குப் பயந்து தலையாட்டினார் என்று எவரும் கேட்பதில்லை. முறையான விசாரணையோ இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது.

ஆள் வேறு, தகவல் வேறு

பிரித்தானியக் கடற்படையில் உருவாகி, இன்று நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் முறையில் ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு மதிப்பீடுகள் இடப்படும். தகவல் தருபவருக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை ஓர் எழுத்து. தகவலுக்கு 1 முதல் 6 வரை ஓர் இலக்கம். 'ஏ' முழுமையாக நம்பத்தக்கவர். 1 என்பது வேறு மூலங்களால் உறுதியானது. 'எஃப்', 6 இரண்டும் பொய் என்று பொருள்படாது. இன்னும் மதிப்பிட முடியவில்லை என்பதே பொருள். நல்லவரும் தவறாகக் கண்டிருக்கலாம். பணத்துக்காகப் பேசுபவரும் உண்மை சொல்லியிருக்கலாம். அதனால்தான் இரண்டும் தனித்தனியே நிறுக்கப்படுகின்றன.

எத்தனை பேர் சொன்னார்கள் என்பது மட்டும் போதாது. ஒருவர் சொன்னதை மூவர் திருப்பிச் சொன்னால் அது ஒரே மூலம்தான். தகவல் தருபவருக்குப் பகை, பணம், தன் விடுதலை போன்ற நோக்கம் உண்டா என்பதும் பார்க்கப்படும்.

வாக்குமூலமும் சோதிக்கப்பட வேண்டியதே

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அது சுயவிருப்பில் அளிக்கப்படவில்லை என்று நிரூபிக்கும் சுமை சந்தேகநபர் மீதே விழுகிறது. சிங்கராசா வழக்கில் 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இதனை உரிமை மீறலாகக் கண்டது.

சாட்சி சொல்பவர்களுக்கு

பல வருடங்களின் பின் திகதியோ நேரமோ பிசகினால் முழுச் சாட்சியமும் பொய்யாகிவிடாது. அனுபவமுள்ள விசாரணையாளர் அதை அறிவார். ஆனால் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே சொல்லுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கடிதம், புகைப்படம், வைத்தியசாலைத் துண்டு எதையும் எறியாதீர்கள். நீங்கள் சொல்வதற்குத் துணைநிற்கும் இரண்டாவது மூலம் அவையாகவே இருக்கலாம்.