உப்பளமும் நீதிமானும்

மரக்காணத்து உப்பளங்களில், கரிய சேற்றுப் பாத்தியிலே தேக்கிய உவர்நீர், வெயிலில் வற்றி வெண்ணிற உப்பாய் விளைவதைக் கண்டவர்க்கு, குற்றத்தின் இருளையும் கருணையோடு எழுதக்கூடும் என்பது விந்தையாகத் தோன்றாது.

அப்படி எழுதியவர் ஒருவர் உண்டு: மரக்காணம் இருக்கும் அதே சோழமண்டலக் கரையில் தெற்கே உள்ள தரங்கம்பாடியிலும், பின்னர் மாயூரத்திலும் முன்சீப் நீதிபதியாக வீற்றிருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை (1826–1889), ஆங்கிலத் தீர்ப்புகளைச் 'சித்தாந்த சங்கிரக'மாக 1862-இல் தமிழாக்கியவர். தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளை ஏழைகளுக்கு ஈந்தவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் கைக்கூலியையும் நியாயஸ்தலத்து அநீதியையும், துவேஷமின்றி, தர்மசிந்தையும் நகைச்சுவையும் கலந்து சித்திரித்தவர்.

இவையெல்லாம் துப்பறியும் கதைகளுக்கு முந்தியவை: நடேச சாஸ்திரியாரின் துப்பறியும் நாவலான 'தானவன்' 1894-இல்தான் தோன்றிற்று. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின் துப்பறியும் பாதிரியார் பிரௌன் கதைகள் 1911-இல்தான் நூலாயின.

குற்றத்தை வெறுத்துக் குற்றவாளிக்கு இரங்கும் எழுத்துக்குத் தமிழில் அடிகோலியவர்களுள் ஒருவர் நீதிமான் வேதநாயகம் பிள்ளை.